கறிக்கடை ஜவ்விலிருந்து இணைப்புத்திசு ஸ்லைடு வரை: முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டைப் பக்கம் விலங்கியல் ஆய்வகத்தில் பல வருடம் மாணவர்களோடு நின்றிருக்கிறேன். உறுப்புகளைத் தாங்கிப் பிணைக்கும் இணைப்புத்திசுவின் வாரம் வந்தால் ஒரே காட்சிதான். பையன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கடைசியில் நிமிர்ந்து சொல்வான்: "சார், இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் நூலாக் கெடக்கு."

அந்த வெறும் நூல்தான் திசு. எபிதீலியத்தை, அதாவது உடலின் பரப்புகளை மூடும் திசுவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது. அங்கே செல்லோடு செல் ஒட்டிச் செங்கல் சுவர்போல நிற்கும். இங்கே செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நடுவில் இருக்கும் பொருளே பெரும்பங்கு. அதனால் செல்லைத் தேடி ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் வழி தவறுகிறார்கள். முதலில் நார், பிறகு செல், கடைசியாக இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைப்பொருள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

பி.எஸ்சி. விலங்கியல், லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, நர்சிங், மருத்துவம் முதலாண்டு படிக்கிறவர்களுக்கு இது பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. கடைக்குப் போகும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஜவ்வு கையில் வந்தபிறகு சாமான் தேடக் கூடாது. செல்கள் நமக்காகக் காத்திருக்காது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

10 மடங்கு, 40 மடங்கு லென்ஸ் உள்ள சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். ஸ்லைடு ஒரு டஜன், கவர்ஸ்லிப், நீடில் இரண்டு, கிடுக்கி ஒன்று, டிராப்பர், புது பிளேடு, பிளாட்டிங் பேப்பர், கையுறை. ஸ்லைடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ஈரமான ஸ்லைடால் என்ன கெடும் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

அடுத்து சலைன். 0.9 சதவீத உப்புக் கரைசல், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் ஒன்று வாங்கிவிட்டால் எடைபோடும் வேலை இல்லை. வீட்டில் கலக்குவதானால் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரில் கலக்குங்கள். போர் தண்ணீர் வேண்டாம். வெறும் தண்ணீரை விட்டால் செல்கள் அதை உறிஞ்சி ஊதி வெடிக்கும். உப்பு கூடினால் சுருங்கிவிடும். தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது என்பதுபோல ஒரு பையன் கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டான். அன்றைக்கு அவன் ஸ்லைடில் இருந்த செல் எல்லாம் வற்றலாகிக் கிடந்தது.

சாயம் இரண்டு: மெத்திலீன் புளூ, டொலுயிடின் புளூ. இரண்டையும் 0.1 சதவீதத்துக்கு நீர்க்கவைத்துக்கொள்ளுங்கள், அதாவது 100 மில்லியில் 100 மில்லிகிராம். சமையலறை வினிகர் ஒரு மூடி, ஆய்வகத்து ஆல்கஹால் கொஞ்சம். சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் கலந்திருக்கும், ஸ்லைடு பிசுபிசுக்கும்.

2. கறிக்கடையில் என்ன கேட்பது

ஜவ்வு என்று நாம் ஒதுக்கித் தள்ளுவது எல்லாமே ஏறக்குறைய இணைப்புத்திசுதான். மேலப்பாளையத்தில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் முதல்நாள் சிரித்தார். "என்ன சார், எல்லாரும் ஜவ்வ எடுத்துட்டுக் கறி தாங்கன்னு கேப்பாவ. நீங்க கறிய விட்டுட்டு ஜவ்வு கேக்கிய?" இப்போது நான் கேட்காமலே தனிப் பையில் போட்டு வைக்கிறார்.

வாங்க வேண்டியவை ஐந்து. தோலுரிக்காத கோழிக்கால் ஒன்று. ஆட்டுக்கால் ஒரு ஜோடி. ஆட்டின் பின்கழுத்தில் தலையைத் தாங்கி ஓடும் மஞ்சள் ஜவ்வு ஒரு விரல் நீளம். மார்கண்டத்தின் நுனிக் குருத்து. குடல் மடிப்புகளுக்கு நடுவே விரிந்திருக்கும் கண்ணாடிபோன்ற சவ்வு ஒரு துண்டு. இதைக் குடலைக் கழுவுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும். முதலாவது, மஞ்சள். கடைக்காரர் பழக்கத்தில் மஞ்சள்தூளைத் தூவிவிடுவார். நார்கள் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிடும். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, தீயில் வாட்டிய நாட்டுக்கோழி. சாப்பிடுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை, நமக்கு ஆகாது. சூடு பட்டால் ஜவ்வின் முக்கிய நார்ப்புரதமான கொலாஜன் சுருங்கிப் பிசினாகிவிடும். வெந்நீரில் முக்கி இறகு பறித்த கோழியும் அப்படியே. கையால் தோலை உரித்து விற்கும் கடையில், தோலை உரிக்காமல் வாங்கிய பிராய்லர்தான் சரி. மூன்றாவது, ஃபிரீசர். உறையும்போது உண்டாகும் பனிப் படிகம் செல்லைக் குத்திக் கிழிக்கும்.

காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள். வாங்கியதைச் சலைன் நனைத்த துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நெல்லை வெயிலில் பத்து மணிக்கு மேல் வாங்கிய ஜவ்வு வைத்து நான் நல்ல ஸ்லைடு பார்த்ததே இல்லை.

3. பரப்புதல்: பாதிப் பேர் தோற்கும் இடம்

கோழிக்காலின் தோலை ஒரு கையால் மெதுவாகத் தூக்குங்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே ஈரமான, சிலந்திவலை மாதிரியான வெள்ளைப் படலம் இழுபடும். இதுதான் அரியோலார் திசு, தளர்வான இணைப்புத்திசு. கிடுக்கியால் மிளகளவு கிள்ளி எடுங்கள். மிளகளவு என்றால் மிளகளவுதான்.

அதைக் காய்ந்த ஸ்லைடின் நடுவில் வையுங்கள். சலைன் விடாதீர்கள். இரண்டு நீடில்களால் நான்கு பக்கமும் இழுத்து, ஓரங்களைக் கண்ணாடியில் ஒட்டவையுங்கள். ஓரம் லேசாகக் காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் படலம் திரும்பச் சுருளாது. ஈர ஸ்லைடில் இந்தப் பிடிப்பு கிடைக்காது, படலம் உருண்டையாகச் சுருண்டுவிடும். நடுப்பகுதி காயாமலிருக்க இடையிடையே வாயால் ஆவி ஊதுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

விரித்து முடித்ததும் சலைன் ஒரே ஒரு சொட்டு. கவர்ஸ்லிப்பை ஒரு ஓரம் தொடவைத்துச் சாய்த்து இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழ் மாட்டும். அப்புறம் அந்தக் குமிழைக் கொழுப்புச் செல் என்று வரைவீர்கள். ரெக்கார்டு நோட்டுகளில் நான் சிவப்பு மையால் அதிகம் அடித்தது இந்தக் குமிழ்களைத்தான். குமிழுக்குத் தடித்த கறுப்பு விளிம்பு இருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

படலம் சரியாக விரிந்திருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை: ஸ்லைடை அச்சடித்த தாளின் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் தடிமன் கூடுதல். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கிள்ளுங்கள். ஒரு கோழிக்காலில் நூறு ஸ்லைடுக்கு ஜவ்வு இருக்கிறது.

4. சாயம் விடாமல் முதல் பார்வை: நார்கள்

அவசரப்பட்டுச் சாயத்தை எடுக்காதீர்கள். முதலில் லோ பவர், அதாவது 10 மடங்கு லென்ஸ். ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்குக் கீழே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாபிரத்தை முக்கால்வாசி மூடுங்கள். சாயமில்லாத நார்கள் ஒளியை வளைப்பதால்தான் கண்ணில் படுகின்றன. வெளிச்சம் பீய்ச்சியடித்தால் எல்லாம் கரைந்துபோகும். வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது புதியவர்களின் நிரந்தர வியாதி.

இப்போது இரண்டு வகை நார் தெரியும். அலையலையாக, கட்டுக்கட்டாக, கிளை பிரியாமல் ஓடுவது கொலாஜன். கட்டுகள் பிரியும், சேரும். ஆனால் தனி நார் கிளைக்காது. இவற்றுக்கு நடுவே தனியாக, மெல்லியதாக, கிளைத்து இணைந்து, ஓரம் பளிச்சென்று மின்னுவது எலாஸ்டிக் நார். அறுந்த இடத்தில் அதன் நுனி சுருண்டிருக்கும், அறுந்த ரப்பர் பேண்டு மாதிரி.

இரண்டையும் சந்தேகமில்லாமல் பிரிக்க வினிகர் இருக்கிறது. கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். எதிர் ஓரத்தில் பிளாட்டிங் பேப்பரைத் தொடவையுங்கள். வினிகர் உள்ளே இழுபட்டுப் போகும். கண்ணை எடுக்காமல் பாருங்கள்: கொலாஜன் கட்டுகள் ஊதி, பளபளப்பிழந்து, கண்ணெதிரே மறைந்துபோகும். எலாஸ்டிக் நார் ஆடாமல் அசையாமல் நிற்கும். செல்களின் உட்கருக்களும் பளிச்சென்று எழும்.

அமிலத்தில் கொலாஜன் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது, அதன் ஒளிவிலகல் சுற்றியுள்ள நீருக்குச் சமமாகிறது. எலாஸ்டிக் நாரின் புரதமான எலாஸ்டினை இந்த மெல்லிய அமிலம் ஒன்றும் செய்வதில்லை. செலவு ஒரு சொட்டு வினிகர். கல்லூரிகளில் இதை ஏன் செய்துகாட்டுவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

பருத்தி நூலிழை ஒன்றும் இடையில் வந்து ஏமாற்றலாம். தட்டையாக, நாடாபோல முறுக்கிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும்விடத் தடிமனாகக் கிடந்தால் அது துடைத்த துணியிலிருந்து வந்தது.

மூன்றாவது வகையான ரெட்டிகுலார் நார் இந்த ஸ்லைடில் தெரியாது. மண்ணீரல், நிணநீர்க் கணு, கல்லீரல் இவற்றில் வலைபோல நின்று செல்களைத் தாங்குவது அது. அதுவும் கொலாஜன்தான், மூன்றாம் வகை. வெள்ளி உப்பு ஏற்றினால் கறுப்பாகத் தெரியும். கல்லூரியில் வெள்ளியேற்றிய ஸ்லைடு இருந்தால் பாருங்கள், வீட்டில் முயல வேண்டாம்.

5. சாயம் விட்டு, செல்களைத் தேடுதல்

புது ஸ்லைடு ஒன்று பரப்புங்கள். வினிகர் போனதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மெத்திலீன் புளூ ஒரு சொட்டு, இரண்டு நிமிடம், பிறகு சலைனால் கழுவிக் கவர்ஸ்லிப். இப்போது டயாபிரத்தைத் திறக்கலாம். லோ பவரில் இடத்தைத் தேர்ந்து, ஹை பவருக்கு, அதாவது 40 மடங்கு லென்ஸுக்குப் போங்கள்.

முதலில் கோழிக்கே உரிய ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. நீள்வட்டமாக, நடுவில் நீல உட்கருவோடு, நூற்றுக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்ததுபோலக் கிடக்கும். அதைத்தான் நார் நெய்யும் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட் என்று எல்லாரும் வரைகிறார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், தெளிவான விளிம்பு என்றால் அது ரத்தம். பாலூட்டியான ஆட்டின் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. நம்முடையதைவிட மிகச் சிறியதும்கூட. ரத்தம் அதிகம் கலந்திருந்தால் சாயத்துக்கு முன் சலைனால் இரண்டு முறை அலசிவிடுங்கள்.

சரி, இனி உண்மையான செல்கள்.

ஃபைப்ரோபிளாஸ்ட். எண்ணிக்கையில் இதுவே அதிகம். கொலாஜன் கட்டின் மேலேயோ ஓரத்திலேயோ ஒட்டியிருக்கும் நீள்வட்ட உட்கருவைத் தேடுங்கள். செல்லின் உடல் மங்கலாக, நுனிகள் நீண்டு, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைந்திருக்கும். உட்கரு வெளிறிப் பெரிதாக இருந்தால் அது வேலையில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட். மெலிந்து கறுத்திருந்தால் ஓய்ந்த ஃபைப்ரோசைட். கொலாஜன், எலாஸ்டின், இடைப்பொருள் மூன்றையும் நெய்வது இதுதான். கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் இழை தளர்ந்து, ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி வருகிறது. வைவாவில் இதைக் கேட்காத பரிசோதகரை நான் பார்த்ததில்லை.

மாக்ரோஃபேஜ், தமிழில் பெருவிழுங்கி. விளிம்பு ஒழுங்கில்லாமல், உட்கரு ஒரு பக்கம் குழிந்து அவரை விதைபோல இருக்கும். உள்ளே குமிழும் துணுக்குகளும் தெரியும். ரத்தத்தில் மோனோசைட்டாக ஓடி வந்து, திசுவுக்குள் இறங்கியபின் இந்தப் பெயரை வாங்குகிறது. சும்மா இருக்கும் மாக்ரோஃபேஜையும் ஃபைப்ரோபிளாஸ்டையும் சாதாரணச் சாயத்தில் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம். சந்தேகமானால் பெயர் எழுதாமல் விடுங்கள். தப்பாக எழுதுவதைவிட அது மேல்.

மாஸ்ட் செல். இதற்குக் கோழித்தோல் வேண்டாம், ஆட்டுக்குடல் சவ்வை எடுங்கள். சவ்வை ஸ்லைடில் விரித்து, முழுக்கக் காயவிட்டு, ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். டொலுயிடின் புளூ ஒரு நிமிடம், தண்ணீரில் அலசல். பின்னணி நீலமாக இருக்கும். சிறு ரத்தக்குழாய்களின் ஓரமாகவே தேடிக்கொண்டு போங்கள். உடம்பு முழுக்க மணிமணியாக அடைத்து, நாவற்பழ நிறத்தில் சில செல்கள் நிற்கும். நீலச் சாயம் ஊதாவாக மாறுவதற்குக் காரணம், அந்த மணிகளில் இருக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின். அதன் அமிலத் தொகுதிகளில் சாய மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படும்போது நிறமே மாறிவிடுகிறது. மணிகளில் ஹிஸ்டமினும் உண்டு. எறும்பு கடித்த இடம் தடிக்க அதுதான் காரணம். மணிகள் செல்லுக்கு வெளியே சிதறியிருந்தால் இழுத்து விரிக்கும்போது செல்லைக் கிழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

கொழுப்புச் செல். கோழித்தோலுக்கு அடியிலேயே கொத்துக்கொத்தாக இருக்கும். பெரிய, உருண்டையான, மின்னும் துளி. உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மோதிரக் கல்போல ஒட்டியிருக்கும். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் இறுகிவிடுவதால் கோழிதான் இதற்கு வசதி.

பிளாஸ்மா செல்லை இந்தப் பரப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். குடல் உட்சுவரின் ஆயத்த ஸ்லைடில் தேடினால் நிறையக் கிடைக்கும். உட்கரு ஒரு பக்கம் ஒதுங்கி, அதற்குள் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த திரள்) கடிகார எண்கள்போல வட்டமாக அடுக்கியிருக்கும். உட்கருவை ஒட்டி ஒரு வெளிறிய பிறை. எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல் இது.

6. கண்ணில் படாததைப் பார்ப்பது: இடைப்பொருள்

நாருக்கும் செல்லுக்கும் நடுவே ஸ்லைடில் வெற்றிடமாகத் தெரிகிறதே, அது வெற்றிடம் இல்லை. பனம்பழத்தைச் சப்பியிருப்பீர்கள். நார் பல்லில் மாட்டும். அதைச் சுற்றிச் சதை பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். இணைப்புத்திசுவும் அப்படித்தான். நார் கொலாஜன் என்றால், அந்தச் சதை இடைப்பொருள்.

இதில் ஹயலுரோனிக் அமிலம், சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதங்களான புரோட்டியோகிளைகான்கள், செல்லையும் நாரையும் ஒட்டவைக்கும் ஃபைப்ரோநெக்டின் போன்ற கிளைக்கோபுரதங்கள் இருக்கின்றன. எதிர்மின்னேற்றம் அதிகம் உள்ளவை. சோடியத்தை இழுக்கும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் வரும். அதனால் எப்போதும் ஈரக்களிபோல இருக்கும். ரத்தக்குழாயிலிருந்து செல்லுக்குப் போகும் உணவும் ஆக்சிஜனும் இதன் வழியாகத்தான் ஊர்ந்து போகின்றன. நாள் முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு வந்த பாட்டியின் கணுக்காலை அழுத்தினால் குழி விழும் அல்லவா, இந்த இடத்தில் நீர் கூடித் தேங்கியதுதான் அது. பல பாம்புகளின் விஷத்தில் ஹயலுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்தக் களியைக் கரைத்துக்கொண்டு விஷம் பரவ அது வழி செய்கிறது.

ஆயத்த ஸ்லைடில் இது தெரியாததற்குக் காரணம், தயாரிக்கும்போது பெரும்பாலும் கழுவிப் போய்விடுவது. ஆனால் குருத்தெலும்பில் இறுக்கமாக நிற்கும். மார்கண்டக் குருத்தைப் புது பிளேடால், வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவுங்கள். பத்துச் சீவலில் ஒன்று தேறும். டொலுயிடின் புளூ முப்பது விநாடி, அலசல். செல்களைச் சுற்றியுள்ள பரப்பு முழுக்க ஊதாவாக மாறும். மாஸ்ட் செல்லில் நடந்த அதே நிறமாற்றம்தான். பரப்பு முழுக்க ஊதாவாக நிற்பதே நீங்கள் தேடிய இடைப்பொருள்.

செல்கள் சிறு குழிகளுக்குள் இரண்டிரண்டாக, நான்கு நான்காக உட்கார்ந்திருக்கும். ஒரு செல் பிரிந்து உண்டான குடும்பம் அது. புதிய சீவலில் செல் குழியை நிரப்பி நிற்கும். கல்லூரி ஸ்லைடில் குழிக்குள் சுருங்கிக் கிடக்கும். அது தயாரிப்பின் குறை, திசுவின் இயல்பு இல்லை. ரத்தக்குழாய் ஒன்றும் காணவில்லையே என்று தேடாதீர்கள். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது.

7. அடர்ந்த திசு: தசைநாணும் மஞ்சள் ஜவ்வும்

ஆட்டுக்காலில் வெள்ளையாகப் பளபளக்கும் கயிறு தசைநாண். கழுத்து மஞ்சள் ஜவ்வையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே நீளம் வெட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தசைநாண் அசையாது. மஞ்சள் ஜவ்வு நீண்டு, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். முன்னது கொலாஜன், பின்னது பெரும்பாலும் எலாஸ்டின். மனித உடலில் இந்த மாதிரி மஞ்சள் பந்தகத்தை முதுகெலும்புகளின் வளைவுகளுக்கு நடுவே காணலாம்.

இரண்டிலும் நூலிழை அளவு எடுத்துச் சலைனில் நீடிலால் பிரியுங்கள். வெட்டக் கூடாது, நீளவாக்கில் கிழிக்க வேண்டும். வெட்டினால் நார் துண்டாகிப் போகும். தசைநாணில் கட்டுகள் ஒரே திசையில், பத்தமடையில் பாய் நெய்வதற்கு முன் கட்டிவைத்த கோரைபோல இருக்கும். கட்டுகளின் இடுக்கில் மெலிந்த செல்கள் வரிசையாக நசுங்கி நிற்கும். மஞ்சள் ஜவ்வில் மின்னும் தடித்த நார்கள் கிளைத்து ஓடும். பழைய போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் ஒரு கண்ணாடியைக் கண்டென்சருக்குக் கீழேயும் இன்னொன்றை ஐபீஸ் மேலேயும் வைத்து, மேலே உள்ளதைத் திருப்புங்கள். பின்னணி இருளும்போது கொலாஜன் மட்டும் வெள்ளியாய் ஒளிரும்.

தோலின் உள்ளடுக்கில் இதே கொலாஜன் வைக்கோல் படப்புபோல எல்லாத் திசையிலும் கிடக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் கிழியாததற்கு அதுதான் காரணம்.

8. தேர்வில் ஸ்பாட்டர் (அடையாளம் காணச் சொல்லி வைக்கும் ஸ்லைடு) வைத்தால்

ஆயத்த ஸ்லைடுகள் பெரும்பாலும் ஹெமடாக்சிலின், ஈயோசின் ஏற்றியவை. உட்கரு நீலம், கொலாஜன் இளஞ்சிவப்பு. எலாஸ்டிக் நார் இதில் தனியாகப் பிரிந்து தெரியாது. தெரிந்ததாக எழுதினால் மதிப்பெண் போகும்.

ஹை பவரில் ஆரம்பிக்காதீர்கள். லோ பவரில் முழு ஸ்லைடையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். செல் அதிகமா, இடைவெளி அதிகமா? இடைவெளி அதிகம் என்றால் இணைப்புத்திசு. நார் ஒரே திசையா, தாறுமாறா? இடைப்பொருள் மென்மையா, கண்ணாடிபோலவா, அடுக்கடுக்கான கல்லா? இந்தக் கேள்விகளிலேயே விடை வந்துவிடும். அடுக்கு வளையங்களும் நடுவே குழாயும் தெரிந்தால் எலும்பு.

அதிகம் குழம்புவது தசைநாண், மென்தசை, நரம்பு மூன்றில்தான். தசைநாணில் உட்கரு குறைவு. இளஞ்சிவப்புக் கட்டுகளுக்கு நடுவே மெல்லிய கோடாக இருக்கும். மென்தசையில் உட்கரு அதிகம். நாரின் உள்ளேயே இருக்கும், சில இடத்தில் திருகாணிபோல முறுக்கியிருக்கும். நரம்பு அலையலையாக, உள்ளே நுரை படிந்ததுபோல இருக்கும்.

அடுத்தது கொழுப்பும் நுரையீரலும். ஒன்றில் கொழுப்பு கரைந்துபோனதால், மற்றதில் காற்றறைகளால், இரண்டும் வெற்று வலையாகத்தான் தெரியும். கொழுப்புத் திசுவில் ஒவ்வொரு அறையும் மூடியிருக்கும். நுரையீரலில் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், நடுவில் மூச்சுக்குழல் துண்டு ஒன்றாவது அகப்படும்.

ரத்தத்தை வைத்து "இதில் நார் எங்கே?" என்று கேட்டால் தடுமாற வேண்டாம். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், உறையும்போது ஃபைப்ரின் நாராகிறது.

9. வரைவதும் ஒழிப்பதும்

மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே வரையுங்கள், புத்தகத்தைப் பார்த்து அல்ல. புத்தகப் படத்தில் ஒரே பரப்பில் ஆறு வகைச் செல்லும் வரிசையாக நிற்கும். உங்கள் ஸ்லைடில் இரண்டு வகைதான் இருந்தால் இரண்டை மட்டும் வரையுங்கள். எந்தச் சாயம், எந்த லென்ஸ், எந்த உறுப்பு என்று ஓரத்தில் எழுதுங்கள். சலைன் ஸ்லைடு அரை மணி, ஒரு மணி நேரம்தான் தாங்கும்; அதற்குள் படம் முடிய வேண்டும். ஓரத்தில் நெயில் பாலிஷ் பூசினால் மாலை வரைக்கும் இழுக்கலாம்.

சாயம் பட்ட திசுவைத் தனி கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், நாய்க்கும் காக்கைக்கும் வீச வேண்டாம். பிளேடைத் தாளில் சுற்றுங்கள். ஆய்வு மேசைக்கு வந்த எந்தத் துண்டும் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது.

ஜோடியில் ஒரு ஆட்டுக்காலை முதலிலேயே வீட்டில் கொடுத்திருந்தால், அதை மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவைத்துச் சூப்பை வடித்து, ஒரு கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் ஆட்டினால் குலுங்கும் கட்டியாக இருக்கும். கொலாஜன் கயிறு பிரிந்து ஜெலட்டினாகிவிட்டது. சுடவைத்தால் உருகும், ஆறினால் மறுபடி கட்டும். பழைய நாராக மட்டும் திரும்பாது. வாட்டிய கோழித்தோலைக் கடையிலேயே வேண்டாம் என்றதும் இதனால்தான்.